இரண்டரை அடி தள்ளி

பைப் பொருந்தவில்லை.

சேலத்துப் பட்டறையில் வெல்டு வைத்து, நீலப் பெயின்ட் அடித்து, லாரியில் ஏற்றி, குப்பனூர் ரோட்டில் வளைவுக்கு வளைவு லாரியைப் பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் அதை மேலே கொண்டுவந்திருந்தார்கள். பம்பின் வாய்க்கு நேரே தொங்கவிட்டுப் பார்த்தபோது மேல் பக்கம் ஒரு விரல் இடைவெளி இருந்தது, கீழ்ப்பக்கம் மூன்று விரல். போதாததற்குப் பக்கவாட்டிலும் ஒதுங்கி நின்றது. பம்பின் வாயில் இருந்த வட்டத் தகட்டில் எட்டு ஓட்டைகள், பைப்பின் தகட்டிலும் எட்டு ஓட்டைகள். ஒன்றுக்கு நேரே ஒன்று இல்லை.

பொன்னுவேல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதமாக அவன் அங்கே நிற்காத நாளும் இல்லை. அந்த பம்பு ஹவுஸ் நின்ற நான்கு சென்ட் அவனுடையது. அவனுடையதாக இருந்தது என்று சொல்லவேண்டும். கொட்டச்சேடு கிராமத்துக்குக் கீழே, ரோட்டை ஒட்டி, மிளகுக் கொடி ஏறிய ஏழு மரங்களோடு இருந்த துண்டு. அதைத் தண்ணீர்த் திட்டத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தான்.

தானம் என்றால் தானம் இல்லை. மலையில் அது எல்லோருக்கும் தெரியும். டேங்க் கட்டவோ மோட்டார் வைக்கவோ இடம் கொடுக்கிறவனுக்குத்தான் ஆபரேட்டர் வேலை. கொட்டச்சேட்டின் பழைய சின்ன டேங்கை பெருமாள் பார்த்துக்கொள்கிறான், ஏனென்றால் அந்த இடத்தைக் கொடுத்தது அவன் அப்பா. காலையில் ஒரு வால்வு, மாலையில் ஒரு வால்வு, நடுவில் ஒரு நாற்காலி. இது எந்தச் சட்டத்திலும் கிடையாது. பத்திரத்திலும் எழுத மாட்டார்கள். பொன்னுவேலுக்கு எழுதப் படிக்கத் தெரியும். பத்திரத்தில் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டிருந்தான். அதையெல்லாம் எழுதினால் அது தானப் பத்திரமாக இருக்காது என்றார்கள். அது உண்மையும்கூட. கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அவனுக்கு அந்த நாற்காலி வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி, ஏணியோடு கீழே வந்தான். இடுப்பில் கம்பி வைத்தார்கள். எஸ்டேட் ரைட்டர் ஒரு மாதம் பொறுத்துவிட்டு நோட்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார். ஏறவும் முடியாது, சுமக்கவும் முடியாது, சரிவில் நின்று கவாத்து வெட்டவும் முடியாது. ஏற்காடு மலையில் உட்கார்ந்து செய்கிற வேலை மிகவும் குறைவு. அத்தாயி காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து வருவதில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயதில் மனைவியின் சம்பளத்தில் சாப்பிடுவதை அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டான்.

பைப் ஏன் பொருந்தவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு அவன்தான் காரணம்.

பம்பு ஹவுஸுக்கு அஸ்திவாரம் தோண்ட மண் அள்ளும் இயந்திரம் வந்த அன்று, வரைபடத்தில் குறித்த இடத்தின் விளிம்பில் முனியப்பன் கல் இருந்தது. செதுக்காத கல். முழங்கால் உயரம். மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசிப் பாறையின் நிறமே போயிருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, காப்பி பறிப்பு முடிந்ததும், பொன்னுவேல் வீட்டில் அதற்கு ஒரு சேவல் அறுப்பார்கள். அதை அவன் அப்பாவும் செய்தார், அவருக்கு அப்பாவும் செய்தார். பொன்னுவேல் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றான். நிலத்தைக் கொடுத்தபோதுகூட எதுவும் கேட்காதவன் அன்றைக்கு ஒன்றைக் கேட்டான். கல்லைத் தொடாதீர்கள்.

சைட் இன்ஜினியர் லோகேஷ் தகராறு வேண்டாம் என்று நினைத்தான். இருபத்தேழு வயது, டிப்ளமோ, இது அவனுடைய இரண்டாவது வேலை. அஸ்திவாரத்தை இரண்டரை அடி தள்ளிப் போட்டான். வரைபடத்தைத் திருத்தவில்லை. பைப்பில் ஒரு வளைவு சேர்க்கவேண்டும் என்று பட்டறைக்கு ஃபோனில் அளவு சொன்னான். அந்த அளவை எடுத்தபோது டேப்பை மட்டமாகப் பிடிக்காமல் சரிவின் மேலேயே படுக்கவைத்து எடுத்திருந்தான். மலையில் நிற்கிறோம் என்பதைச் சமவெளிக்காரன் மறந்துவிடுகிற இடம் அது.

ஃபிட்டர் சத்யராஜ் பைப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து பீடி பற்றவைத்தார். ஐம்பது தாண்டியவர். மில்லிலும் ஆலையிலும் பைப் மாட்டியே வயதானவர். வெட்டி, அளந்து, மறுபடி வெல்டு வைக்கவேண்டும் என்றார். வெல்டர் எங்கே என்று லோகேஷ் கேட்டான். வெல்டர் ஆத்தூரில் மாமன் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தான். திறப்பு விழா நாளை மறுநாள். பூமாலைக்குச் சொல்லியாகிவிட்டது, பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. லோகேஷ் காண்டிராக்டரைக் கூப்பிட்டான். அவர் எதையும் முழுதாகக் கேட்கவில்லை. இழுத்துக் கட்டுங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

“போல்ட்ட கையில புடிச்சு உட்டா தானா உள்ள போகோணுமுங்க,” என்றார் சத்யராஜ். “அடிச்சு ஏத்துனா அது பைப்பு இல்லீங்க. பம்பு கழுத்துல போட்ட சுருக்கு.”

“எனக்குத் தெரியாதாண்ணா?” என்றான் லோகேஷ். “வேற வழி சொல்லுங்க.”

வேறு வழியைத்தான் சத்யராஜ் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே. பீடியை மிதித்து அணைத்துவிட்டு, மேலே உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டினார். வெள்ளக்கடையிலிருந்து பைக்கில் வந்திருந்த இரண்டு கூலியாட்கள் கடப்பாரையை எடுத்தார்கள். சங்கிலியை இழுக்க ஆள் போதவில்லை. யாரும் கூப்பிடாமலே பொன்னுவேல் உள்ளே வந்து சங்கிலியைப் பிடித்தான். பம்பு சீக்கிரம் ஓடினால் நாற்காலி சீக்கிரம் வரும். அவன் கணக்கு அவ்வளவுதான்.

“ஏனுங்க பொன்னுவேலு,” என்றார் சத்யராஜ், இழுத்துக்கொண்டே. “உங்க சாமியக் கொஞ்சம் அக்கட்ட நகரச் சொல்லியிருந்தா நமக்கு இந்த வேல வந்திருக்காதுல்லீங்க?”

“அவுரு முன்னாடியே வந்தவருங்க,” என்றான் பொன்னுவேல். “பம்புதான் பின்னால வந்துது.”

கூலியாட்கள் சிரித்தார்கள். சங்கிலி கிர்ரென்று இறுகியது. பைப் முனகிக்கொண்டே வந்தது. ஓட்டைக்குள் கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பி, சம்மட்டியால் அடித்து, எட்டு போல்ட்டையும் உள்ளே ஏற்றினார்கள். செயின் பிளாக்கைத் தளர்த்தியபோது பம்பு தன் பீடத்தின் மேல் ஒரு முறை டக்கென்றது. சத்யராஜ் குனிந்து, மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற இணைப்பைக் கையால் சுற்றிப் பார்த்தார். காலையில் இரண்டு விரலால் சுற்றியது. இப்போது இரண்டு கையும் தேவைப்பட்டது. அவர் சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சங்கீதா வந்தாள். பம்பைக் கண்காணிக்கிற கருவிகளை மாட்டுகிற கம்பெனியில் டெக்னீஷியன். தோளில் லேப்டாப், கையில் மரப்பெட்டி. அதற்குள் பெயின்டர் தன் வேலையைக் காட்டியிருந்தான். திறப்பு விழா என்றதும் பம்பு, பைப், போல்ட், எண்ணெய் அளவு பார்க்கிற கண்ணாடி, கம்பெனிப் பேர் பொறித்த தகடு எல்லாவற்றுக்கும் ஒரே நீலத்தை அப்பியிருந்தான். சங்கீதா பிளேடை வைத்துக் கண்ணாடியைச் சுரண்டினாள். பிறகு பேரிங் இருக்கிற இடத்தின் மேல் பெயின்ட்டைச் சுரண்டினாள். பொன்னுவேல் டார்ச்சைப் பிடித்தான், கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். தன் இயந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் பொறுமையாகச் சொன்னாள். பைப்பின் மேல் வைப்பது தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும். பேரிங் மேல் திருகுகிற கட்டைவிரல் பருமன் உள்ள சென்சார் பம்பின் அதிர்வை எண்ணாகக் காட்டும். எண் குறைவாக இருந்தால் பச்சை. ஏறினால் மஞ்சள். இன்னும் ஏறினால் சிவப்பு. முப்பது நொடி தொடர்ந்து சிவப்பாக இருந்தால் பம்பு தானாக நின்றுவிடும்.

“இத நானு எந்த ஃபோனுல பாக்கோணுமுங்க?” என்று கேட்டான். “எங்கிட்ட பட்டன் ஃபோனுதான் இருக்குது.”

“நீங்க பாக்க வேண்டியதில்லீங்கண்ணா. சேலத்துல ஆபீஸ்ல பாப்பாங்க. அங்கிருந்தே போடுவாங்க, அங்கிருந்தே நிறுத்துவாங்க.”

“அப்ப இங்க இருக்கற ஆளு என்னுங்க பண்ணோணும்?”

“ஆளு வேண்டாமுன்னுதானுங்கண்ணா இத வெக்கிறோம்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அவன் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்திருந்தான். இடம் கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அதற்குப் பிறகு அவள் பெட்டிக்குள் ஏதோ ஒரு திருகாணியை வெகுநேரம் தேடினாள்.

பம்பை ஓட்டிப் பார்த்தார்கள். எண் பதினொன்றுக்குப் போய் நின்றது. சிவப்பு. முப்பது நொடியில் பம்பு நின்றது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி நின்றது. மூன்றாவது முறை நின்றதும் சங்கீதா பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பைப் பம்பை இழுக்கிறது, போல்ட்டைக் கழற்றி நேராக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். லோகேஷ் கெஞ்சினான். அவள் மாலை நான்கு மணி பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டாள்.

பொன்னுவேல் லோகேஷைப் பிடித்தான். ஆபரேட்டரே இல்லாத திட்டம் என்று தெரிந்துதான் இடத்தை வாங்கினீர்களா என்று கேட்டான். லோகேஷ், தான் வாங்கவில்லை என்றான். தனக்கு முன்னால் இருந்தவர் வாங்கியது. கருவி வைப்பது பிறகு மேலே முடிவானது. தானே ஒப்பந்த ஆள்தான், நாளைக்குத் திறக்காவிட்டால் தனக்கே வேலை இருக்காது. ஒவ்வொன்றும் உண்மையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறவனிடம் சண்டை போடுவது கஷ்டம். பொன்னுவேல் வீட்டுக்குப் போனான். அத்தாயியிடம் எதுவும் சொல்லவில்லை.

விழா பத்து மணிக்கு. லோகேஷ் ஏழு மணிக்கே தனியாக பைக்கில் வந்து, பொன்னுவேலை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். கண்கள் சிவந்திருந்தன. பையில் இரண்டு டியூப் பசை இருந்தது, கலந்து பூசினால் கல்லாக இறுகுவது. பேரிங் மேலிருந்த சென்சாரைத் திருகிக் கழற்றினான். பசையைக் குழைத்தான். பம்புக்குப் பக்கத்தில், பைப்பைத் தாங்குகிற கான்கிரீட் கட்டையின் பின்புறம், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் அதை வைத்து அழுத்தினான்.

“அண்ணா, இதப் புடிச்சுக்குங்க. பத்து நிமிஷம்.”

பொன்னுவேல் நகரவில்லை.

“சாவிக்கு ஒரு ஆளு வேணுமில்லங்கண்ணா,” என்றான் லோகேஷ், கட்டையைப் பார்த்துக்கொண்டே. “நோட்டுல உங்க பேர எழுதிக்கலாம். ஆபரேட்டர்னே எழுதிக்குங்க. ஒரு வருசம் ஓடிட்டா அப்புறம் உங்கள யாரும் எடுக்க மாட்டாங்க.”

அந்த சென்சார் எதற்கு என்பது பொன்னுவேலுக்குத் தெரியும். முந்தின நாள் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அவன்தான். கான்கிரீட் அதிராது. குனிந்தான். இடுப்புக் கம்பி குத்தியது. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தான். அந்தப் பத்து நிமிடமும் அவன் மனசாட்சி அவனைக் குத்திக் கிழித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். இடுப்பு வலித்தது. அவ்வளவுதான்.

பம்பை ஓட்டினார்கள். எண் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பச்சை. லோகேஷ் சங்கீதாவுக்கு ஃபோன் போட்டு, இரவோடிரவாகக் கழற்றி நேராக்கிவிட்டோம் என்றான். அவள் தன் ஃபோனில் எண்ணைப் பார்த்தாள், நம்பினாள், கையெழுத்து வந்துவிட்டது. சாவி நோட்டின் முதல் வரியில் பொன்னுவேல் தன் பேரை எழுதினான். பக்கத்தில் ஆபரேட்டர் என்று எழுதினான். நேரம் என்ற கட்டத்தில் காலை 7.30 என்று எழுதினான்.

பந்தல், மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம் எல்லாம் ஆயிற்று. பதினொன்றரைக்குக் கொட்டச்சேட்டில் குழாயில் தண்ணீர் வந்தது. அதுவரை ஊற்றுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்த பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அத்தாயி தேவையே இல்லாமல் மூன்று குடம் கூடுதலாகப் பிடித்தாள். அன்று மாலை அவன் வீட்டுக்குள் வந்தபோது அவள் எழுந்து நின்று, “ஆபரேட்டரு ஊட்டுக்கு வந்துட்டாருங்களா?” என்றாள். அவன் சிரித்தான். சோறு கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டான்.

நாற்காலியை அவன்தான் வீட்டிலிருந்து கொண்டுபோனான். காலையில் திறப்பான், கூட்டுவான், அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவான். யாரும் எழுதச் சொல்லவில்லை. பம்பு சேலத்திலிருந்து தானாக ஓடியது, தானாக நின்றது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சம்பளம் பற்றிக் கேட்டால் லோகேஷ், பேரை ஏற்றச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றான். பிறகு அவனைத் தர்மபுரிப் பக்கம் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் சத்தம் வந்தது. காப்பிப் பழம் உரிக்கிற இயந்திரத்தில் கல் விழுந்தால் வருகிற சத்தம். முதலில் விட்டு விட்டு. பிறகு விடாமல். பொன்னுவேல், சுவிட்சும் விளக்குகளும் இருந்த பேனலில் ஒட்டியிருந்த நம்பரைக் கூப்பிட்டான். சேலத்தில் ஒரு பையன் மரியாதையாகப் பேசினான். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்றான். சத்தம் கேட்கிறதே என்று பொன்னுவேல் சொன்னதற்கு, சத்தம் இருந்தால் எண் ஏறியிருக்கும் என்றான். பொன்னுவேல் ஃபோனை பம்புக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தான். பம்பு ஓடுகிற சத்தம் கேட்கிறது, சரிதான், என்றான் பையன்.

அன்றைக்குச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி பம்பை நிறுத்தினான். பத்து நிமிடத்தில் அது சேலத்திலிருந்து தானாக எழுந்து ஓடியது. கூடவே ஃபோன் வந்தது. இந்த முறை வேறு குரல். இனிமேல் கை வைத்தால் சாவியை வாங்கிக்கொள்வோம் என்றது அது.

லோகேஷைக் கூப்பிட்டான். சென்சாரைப் பற்றிப் பேசவே வேண்டாம், பேசினால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போகும் என்றான் லோகேஷ். சத்யராஜைக் கூப்பிட்டான். அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

“உங்க சத்தம் அவங்க காதுக்குப் போவாதுங்க பொன்னுவேலு,” என்றார். “அவங்களுக்கு நம்பருதான் காது.”

அன்று அத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை வைத்துப் பிடித்ததுவரை சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

“சொன்னா வேல போயிருமுங்களா?”

“போயிரும்.”

“சொல்லாட்டி?”

“பம்பு போயிரும். அப்பறம் வேல போயிரும்.”

அவள் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். “அப்ப சொல்லாமயே இருங்க. நாலு நாளு கழிச்சே போகட்டும்.”

அவன் இருந்தான். நாலு நாள் இல்லை, மூன்று வாரம் இருந்தான். தினமும் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான். நாற்பத்தோராவது நாள் நாற்காலி வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. அன்று காலை பதினொன்றரை மணிக்கு, பேரிங் மேலிருந்த நீலப் பெயின்ட் பழுப்பாவதைப் பார்த்தான். பெயின்ட் கருகுகிற வாடை வந்தது. எழுந்தான். கதவுக்குப் பின்னால் வைத்திருந்த கொடுவாளை எடுத்தான்.

அவன் நினைத்தது இதுதான். நிறுத்தினால் மறுபடி ஓட்டுவார்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள். எண்ணைக் காட்டினால்தான் நம்புவார்கள். சென்சாரைப் பழைய இடத்தில் வைத்தால் சேலத்தில் சிவப்பு வரும். அவர்களே நிறுத்துவார்கள். ஆள் அனுப்புவார்கள். பைப்பைக் கழற்றி நேராக்குவார்கள். பம்பு பிழைத்தால் ஒருவேளை நாற்காலியும் பிழைக்கும்.

கான்கிரீட்டின் பின்னால் கொடுவாள் முனையைக் கொடுத்து நெம்பினான். சென்சார் பெயர்ந்து வந்தது, பசையோடும் சிமென்ட்டுத் துணுக்கோடும். ஒயர் நீளமாகத்தான் இருந்தது. பேரிங் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினான். சுட்டது. விரலை எடுக்கவில்லை. பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பது நொடி. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். பதினெட்டு எண்ணியபோது பம்பு அலறியது. அதற்குப் பிறகு எதையும் எண்ணவில்லை. இணைப்பின் போல்ட்டுகள் அறுந்து சுவரில் போய் அடித்தன, ஒன்று அவன் காதை ஒட்டிப் போனது. மோட்டார் தனியாகச் சுற்றியது. பிறகு அதுவும் நின்றது.

ஃபோன் அடித்தது. அத்தனை நாளில் பம்பின் கோளாறுக்காகச் சேலம் தானாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அங்க யாருங்க இருக்கறது?” என்றது குரல். “சென்சார எதுக்குத் தொட்டீங்க?”

விசாரணைக்கு நான்காம் நாள் வந்தார்கள். ஆபீஸிலிருந்து ஒருவர், கருவிக் கம்பெனியிலிருந்து சங்கீதா, போல்ட்டைக் கழற்ற இரண்டு புது ஆட்கள். சங்கீதாவின் கையில் ஒரு தாள் இருந்தது. நாற்பது நாளும் தரையோடு படுத்திருந்த ஒரு கோடு. நாற்பத்தோராவது நாள் 11.40க்கு அது செங்குத்தாக மேலே போயிருந்தது. அதோடு முடிந்துவிட்டது. படிக்கத் தெரியாதவனுக்கும் அந்தத் தாள் புரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பு. ஒருவன் கை வைத்தான். உடைந்தது.

அவள் கான்கிரீட் கட்டையின் பின்னால் போய்க் குனிந்தாள். பசை பெயர்ந்த வட்டம் அங்கே இருந்தது. அதை விரலால் தடவினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது பொன்னுவேலுக்கும் புரிந்தது.

“இத யாருங்கண்ணா ஒட்டுனது?”

“லோகேஷ் சார் ஒட்டுனாருங்க. நாந்தான் புடிச்சேன்.”

ஆபீஸ்காரர் லோகேஷுக்கு ஃபோன் போட்டார். தான் பேரிங் மேல்தான் வைத்துவிட்டு வந்ததாக லோகேஷ் சொன்னான். ஆபீஸ்காரர் சாவி நோட்டைப் பிரித்தார். முதல் வரியில் பொன்னுவேல், ஆபரேட்டர், காலை 7.30. லோகேஷின் எழுத்து அந்த நோட்டில் எங்கேயும் இல்லை. இங்கே ஆபரேட்டர் என்று ஒரு வேலையே இல்லையே, யார் இப்படி எழுதச் சொன்னது என்று கேட்டார். பொன்னுவேல் சொன்னான். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

புது ஆட்கள் போல்ட்டைக் கழற்றினார்கள். கடைசி போல்ட்டைத் தளர்த்தியதும் பைப் படாரென்று விலகி, பழைய இடத்துக்கே போய் நின்றது. மேலே ஒரு விரல், கீழே மூன்று விரல். எல்லோரும் பார்த்தார்கள். பொன்னுவேல், பாருங்கள் என்றான். ஆபீஸ்காரர் வரைபடத்தை விரித்து, அஸ்திவாரம் ஏன் இரண்டரை அடி தள்ளியிருக்கிறது என்று கேட்டார். வெளியே எட்டிப் பார்த்தார். கல் நின்றுகொண்டிருந்தது.

“அப்ப ஆரம்பமே உங்ககிட்ட இருந்துதான்,” என்றார்.

பொன்னுவேலுக்கே அது சரியாகத்தான் பட்டது.

சங்கீதா அறிக்கை எழுதினாள். பம்பு சரியாக இருக்கிறது என்று முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கான்கிரீட்டில் பசைத் தடம் காணப்பட்டது என்று ஒரு வரி எழுதினாள். யார் என்று எழுதவில்லை. கிளம்பும்போது பொன்னுவேலின் கட்டைவிரலைப் பார்த்தாள். தோல் உரிந்து, பழுத்திருந்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். சரியென்றான்.

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாற்காலி அவனுடையது என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் கிரேன் வந்து பம்பைத் தூக்கிக்கொண்டு போனது. புதுப் பம்பு வருமா, எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. கதவுக்குப் புதுப் பூட்டு. யாரும் உள்ளே நுழையக்கூடாது என்று சுற்றிலும் கம்பி வேலி. வேலி போட வந்தவர்கள் நான்கு சென்ட்டையும் அளந்து, மூலைக்கு மூலை கம்பம் நட்டார்கள். கல் வேலிக்கு உள்ளே போய்விட்டது.

பெண்கள் ஊற்றுக்கு இறங்கத் தொடங்கினார்கள். வழியில் பொன்னுவேலைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தை முடிந்து காப்பி பறிப்பும் முடிந்தது. அத்தாயி ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ரோட்டோரமாக நடந்துபோய் வேலிக்கு முன்னால் நின்றார்கள். கல் பத்தடி தூரத்தில் இருந்தது. மஞ்சள் வெளுத்து, மேலே வேலிக்காரர்கள் சிந்திய சிமென்ட்டுக் குழம்பு காய்ந்திருந்தது. வேலிக் கதவின் பூட்டில் அரக்கு வைத்திருந்தார்கள். திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாமே என்றாள் அத்தாயி. கேட்கவேண்டிய நம்பர் உள்ளே பேனலில் ஒட்டியிருக்கிறது என்றான் அவன்.

ஜன்னல் வழியாகப் பேனல் தெரிந்தது. மின்சாரத்தைத் துண்டிக்க யாருக்கும் நினைவில்லை. கழற்றிய சென்சாரை யாரோ காலியான பீடத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இங்கயே வெளிய அறுத்துப் போடலாமுங்களா?” என்றாள் அத்தாயி.

அவன் கல்லைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். கீழேயிருந்து ஏறி வந்த பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது. சேவல் அவள் கையில் ஒரு முறை உதறியது.

“வேண்டாம்,” என்றான். “ஊட்டுக்குக் கொண்டு போ. கொழம்பு வெச்சிரலாம்.”

அவள் சேவலை அவன் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து உதறினாள். வீட்டில் தண்ணீர் இல்லை. ஊற்றுக்கு இறங்குகிற பாதையில் அவள் திரும்பினாள். அவன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மேட்டில் ஏறினான்.